மாஸ்டரின் நோட்டும் வங்கியின் பசுமைக் கடனும்

கேள்வி:

ஐயா, வணக்கம். திருப்பூரில் 22 வருடமாகச் சாய ஆலை நடத்துகிறேன். பிரைவேட் லிமிடெட் கம்பெனி, முழுக்க ஜாப் ஒர்க். நாளொன்றுக்கு 8 டன் துணி, வருடத்தில் 300 நாள் ஓட்டம், விற்றுமுதல் 24 கோடி ரூபாய். 140 பேர் வேலை பார்க்கிறார்கள். கிலோவுக்கு 60 லிட்டர் தண்ணீர் ஆகிறது. கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, லிட்டருக்கு 20 பைசா கட்டுகிறோம். 100 லாட்டில் 14 லாட் ஷேடு சேராமல் மறுபடி சாயம் ஏற்ற வேண்டியிருக்கிறது.

வங்கி மேலாளர் 6 கோடி ரூபாய் கடன் தர முன்வந்திருக்கிறார். குறைந்த தண்ணீரில் ஓடும் மெஷின்கள், வெப்ப மீட்பு வசதி ஆகியவற்றுக்கு. வட்டி 10 சதவீதம், 7 வருடத் தவணை. மூன்று வருடத்தில் தண்ணீரைக் கிலோவுக்கு 42 லிட்டராகக் குறைத்தால் வட்டியில் கால் சதவீதம் தள்ளுபடி, குறைக்காவிட்டால் கால் சதவீதம் கூடுதல் என்கிறார். என் மகன் எம்.பி.ஏ. படித்தவன். மெஷினை விட 'அறிவு மூலதனம்' தான் முக்கியம், லேப், சாப்ட்வேர், பயிற்சி எல்லாவற்றுக்கும் 45 லட்சம் வேண்டும் என்கிறான். ஏதோ ஒரு ஆய்வுக் கட்டுரையைக் காட்டி நம் கம்பெனியின் அறிவு மூலதன மதிப்பெண் 2.9 என்று கணக்கும் போட்டுவிட்டான். ஆடிட்டரோ, வங்கி கணக்கைப் பார்க்கும் வருடத்தில் இப்படிச் செலவு செய்தால் லாபம் குறைந்து தெரியும், தள்ளிப் போடுங்கள் என்கிறார். எதை முதலில் செய்வது? இதிலெல்லாம் உண்மையில் லாபம் கூடுமா, இல்லை இப்போதைய ஃபேஷனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

அன்புடையீர், வணக்கம்.

கடனும் வாங்கலாம், மகன் கேட்கும் செலவையும் செய்யலாம். ஆனால் மகன் கேட்பதை முதலில் செய்யுங்கள், கடனை ஆறு மாதம் கழித்து வாங்குங்கள். இரண்டுக்கும் முன்பே வங்கியோடு பேசி முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை விட்டால் மற்றதெல்லாம் வீணாகப் போகும் என்பதால் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்வோம். 6 கோடிக்குக் கால் சதவீதத் தள்ளுபடி என்றால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். அதுவும் முதல் வருடத்தில் தான்; அசல் குறையக் குறைய அதுவும் குறையும். வங்கிக்காரர் இதைப் பெரிதாகச் சொல்லியிருப்பார். உங்கள் ஆலையில் அது ஒரு நாள் விற்றுமுதலில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை.

மறுசாயத்தைப் பாருங்கள். 2,400 டன்னில் 14 சதவீதம் 336 டன். ஒரு லாட்டை மறுபடி மெஷினில் ஏற்றினால் சாயம், கெமிக்கல், ஆவி, தண்ணீர், அந்த மெஷினில் ஓடியிருக்க வேண்டிய வேறு லாட்டின் நேரம் என்று எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 40 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்கிறேன். 1 கோடியே 34 லட்சம் ரூபாய் போகிறது. 14 சதவீதம் 6 சதவீதமாக இறங்கினாலே வருடத்துக்கு ஏறத்தாழ 77 லட்சம் மிச்சம். இந்த 8 சதவீதத்தை இறக்க மெஷின் மட்டும் போதாது. லேப் டிப் (சிறு துணியில் முதலில் போட்டுப் பார்க்கும் சாய மாதிரி) ஒழுங்காக வர வேண்டும், ரெசிபி எழுத்தில் இருக்க வேண்டும், ஆபரேட்டருக்கு அவர் செய்வது ஏன் என்று தெரிய வேண்டும். உங்கள் மகன் 45 லட்சம் கேட்பது இதற்குத் தான்.

தண்ணீரிலும் பணம் இருக்கிறது. 60 லிட்டர் 42 ஆனால் கிலோவுக்கு 18 லிட்டர், 3 ரூபாய் 60 காசு. 24 லட்சம் கிலோவுக்கு 86 லட்சம் ரூபாய். (மறுசாயக் கணக்கிலும் தண்ணீர்ச் செலவு அடங்கியிருப்பதால் இந்த இரண்டு தொகையையும் அப்படியே கூட்டிவிடாதீர்கள்.) இன்னொரு பக்கம் கடனுக்கு முதல் வருடம் வட்டி 60 லட்சம், அசல் 86 லட்சம், ஆக 1 கோடியே 46 லட்சம் வெளியே போகும். ஆவியிலும் உப்பிலும் கொஞ்சம் மிச்சமாகும். இருந்தாலும் மறுசாயத்தைக் குறைக்காமல் மெஷினை மட்டும் மாற்றினால் தவணை கட்டவே மூச்சு வாங்கும். கடன் பசுமையாக இருப்பதால் தவணை தானாகக் கட்டப்படுவதில்லை.

அந்த 42 லிட்டர் இலக்கு எட்டக்கூடியது தானா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அது தான் கேட்க வேண்டிய கேள்வி. இப்போது நீங்கள் 1:8 விகிதத்தில், அதாவது ஒரு கிலோ துணிக்கு ஒவ்வொரு முறையும் 8 லிட்டர் விட்டு ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், 60 லிட்டர் என்பது ஏழரை முறை மாற்றும் தண்ணீர்: வேகவைப்பது, வெளுப்பது, சாயம், அலசல், சோப்பு, மறுபடி அலசல் என்று. புது மெஷின் 1:5இல் ஓடினால் அதே ஏழரைத் தண்ணீர் முப்பத்தேழரை லிட்டரில் முடியும். 42க்கு நாலரை லிட்டர் இடைவெளி இருக்கிறது. ஆனால் ஆபரேட்டர் பயத்தில் இரண்டு அலசல் கூடுதலாகப் போட்டால் நாற்பத்தேழரை. இலக்கு போயிற்று, கால் சதவீதம் ஏறியும் விட்டது.

பயத்தில் என்று சொன்னது கண்ணால் பார்த்தது. இதே தொழிலில் ஓர் ஆலை, பெயர் வேண்டாம். பசுமைக் கடனில் புது மெஷின் இறக்கியிருந்தார்கள். பலகையில் 1:5 என்று காட்டுகிறது, மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்தால் பழைய அளவே. கணக்கைப் பார்க்கப் போன நான் ஒரு இரவு ஷிப்டில் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பின்னிரவில் டர்காய்ஸ் லாட் ஒன்று ஓடியது. டர்காய்ஸ் மற்ற சாயம் மாதிரி 60 டிகிரியில் ஏறாது, 80 வரை கொண்டு போக வேண்டும். அலசினாலும் சீக்கிரம் விடாது. ஆபரேட்டர் தம்பி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் இருந்த கை வால்வைத் திறந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "இந்தத் தண்ணி பத்தாதுங்க, கறை நின்னுக்கும். நின்னா என் தலைல தானுங்க விழும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. குறைந்த தண்ணீரில் உப்பையும் சோடாவையும் எந்த வேகத்தில் விட வேண்டும், எந்த நேரத்தில் சோப்புப் போட வேண்டும் என்று யாரும் அவருக்குக் காட்டித் தரவில்லை. பல கோடி ரூபாய் மெஷின். அதற்கான பயிற்சி ஒரு மதியம், அதுவும் அவருக்குப் புரியாத மொழியில் ஒரு வீடியோ.

அதே ஆலையின் டையிங் மாஸ்டர் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். பாலித்தீன் உறை போட்டு, மேலே ரப்பர் பேண்ட். பென்சிலில் எழுதிய ரெசிபிகள், ஓரத்தில் சிறு குறிப்புகள். 'மழைக்காலத் தண்ணி, சோடா 2 கம்மி' என்று ஒரு வரி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் ஊர் நோம்பிக்குப் போன மூன்று நாளும் அங்கே ஒரு ஷேடு கூட முதல் முறையில் சேரவில்லை. பிறகு வேறு ஆலையில் மாதம் 15,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார்கள், போய்விட்டார். நோட்டும் அவரோடு போனது. முதலாளி என்னிடம் காட்டிய இருப்புநிலைக் குறிப்பில் அந்த இழப்பு எங்கேயும் இல்லை. மெஷின் இருந்தது, கடன் இருந்தது, நோட்டு இல்லை.

உங்கள் மகன் சொல்லும் அறிவு மூலதனத்தை இந்த நோட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம். மாஸ்டரின் தலையிலும் கையிலும் இருப்பது மனித மூலதனம். அவர் வீட்டுக்குப் போனால் அதுவும் போகும். நோட்டில் இருப்பது முறையாக ஆலையின் கணினியில், லேப் பதிவில், ஷிப்டு தாளில் ஏறிவிட்டால் அது கட்டமைப்பு மூலதனம். இரவு பூட்டிவிட்டுப் போனாலும் ஆலையிலேயே இருக்கும். 'இந்த ஆலைக்குக் கொடுத்தால் ஷேடு மாறாது' என்று மெர்ச்சண்டைசர் நம்பிக் கொடுக்கும் ஆர்டர் உறவு மூலதனம். ஸ்வீடனின் ஸ்காண்டியா காப்பீட்டு நிறுவனம் 1994இல் இவற்றையெல்லாம் ஆண்டறிக்கைக்கு இணைப்பாகவே வெளியிட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர் லெய்ஃப் எட்வின்சன். நம் நாட்டிலும் இன்ஃபோசிஸ் தன் ஊழியர்களின் மதிப்பை லெவ், ஷ்வார்ட்ஸ் முறையில் கணக்கிட்டு ஆண்டறிக்கையில் பல வருடம் போட்டது. ஃபேஷனா என்று கேட்டீர்கள். 30 வருடப் பழைய பேச்சு இது. சாயத் தொழிலுக்கு இப்போது தான் வந்திருக்கிறது.

அதற்காக அந்த 2.9ஐ நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். மகன் மேல் குறை இல்லை. அவர் கணக்குப் போட்ட முறை உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துவது தான். குரோஷியப் பொருளாதாரப் பேராசிரியர் ஆன்டே புலிச் வகுத்தது. கடிதத்தோடு வந்த கணக்குத் தாளில் இயக்க லாபம் 2.2 கோடி, தேய்மானம் 1.4 கோடி, சம்பளச் செலவு 3.6 கோடி என்று இருக்கிறது. மூன்றும் சேர்ந்த 7.2 கோடி தான் கூட்டிய மதிப்பு. அதைச் சம்பளத்தால் வகுத்தால் 2. சம்பளம் போக மிஞ்சிய 3.6 கோடியைக் கூட்டிய மதிப்பால் வகுத்தால் 0.5. கூட்டிய மதிப்பைப் போட்ட முதல் 18 கோடியால் வகுத்தால் 0.4. ஆக 2.9. கணக்கில் பிழையில்லை.

குறை கணக்கிடும் முறையில் இருக்கிறது. நாளைக்கே லேப் ஆட்களையும் பயிற்சியாளரையும் நிறுத்தி 30 லட்சம் சம்பளத்தை மிச்சம் பிடித்தீர்கள் என்று வையுங்கள். சம்பளம் 3.3 கோடியாகக் குறையும், லாபம் அதே அளவு கூடும், கூட்டிய மதிப்பு அப்படியே 7.2 கோடி. இப்போது மதிப்பெண் 3.12. அறிவை ஆலையை விட்டு அனுப்பினால் அறிவு மூலதனம் உயர்ந்ததாக அந்த எண் சொல்கிறது! இரண்டாவது விகிதமும் தனியாக எதையும் அளப்பதில்லை, முதல் விகிதத்தையே வேறு உருவத்தில் காட்டுகிறது. இன்னொன்று: கூட்டிய மதிப்புக்குள்ளேயே லாபம் இருக்கிறது. அதை வைத்து மதிப்பெண் போட்டு, பிறகு அந்த மதிப்பெண்ணுக்கும் லாபத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தால், தொடர்பு வராமல் எப்படிப் போகும்? இந்த எண்ணை மட்டும் வைத்து 'அறிவு மூலதனம் லாபத்தைக் கூட்டுகிறது' என்று முடிக்கும் கட்டுரைகளை நான் எச்சரிக்கையோடு தான் படிப்பேன். முடிவு தவறு என்று சொல்லவில்லை. அந்த அளவுகோல் அதை நிரூபிக்கவில்லை என்கிறேன். உங்கள் ஆலைக்கு நூற்றுக்கு எத்தனை லாட் முதல் முறையிலேயே சேர்கிறது என்பது இதை விட நேர்மையான அளவுகோல். இன்றைக்கு அது 86.

பசுமைப் பக்கத்து ஆய்வுகளுக்கு வருவோம். 2,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2015இல் ஃப்ரீடே, புஷ், பாசன் மூவரும் எழுதினார்கள். ஏறத்தாழ 90 சதவீத ஆய்வுகளில், சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகியவற்றில் அக்கறை காட்டுவதற்கும் நிதிநிலைக்கும் உள்ள தொடர்பு பாதகமாக இல்லை. 'பாதகமாக இல்லை' என்பதை 'லாபம் கூடும்' என்று படித்துவிடக் கூடாது. லாபம் வரும் கம்பெனியிடம் தான் இதற்கெல்லாம் செலவழிக்கக் காசும் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. எனக்கு இதை விடப் பயன்பட்டது 2016இல் கான், செராஃபைம், யூன் மூவரும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்க நிறுவனங்களைப் பார்த்தார்கள். தங்கள் தொழிலுக்கு உயிரான விஷயத்தில் அக்கறை காட்டிய நிறுவனங்கள் பங்குச் சந்தையில் முந்தின. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத நல்ல காரியங்களில் முனைந்தவை அப்படி முந்தவில்லை. சாய ஆலைக்கு உயிரான விஷயம் தண்ணீர், உப்பு, ஆவி, கெமிக்கல். வாசலில் மரக்கன்று நடுவது நல்லது, நடுங்கள். அதை வங்கி அறிக்கையில் முதல் பக்கத்தில் போட வேண்டாம்.

உங்களுக்கு ஆய்வே தேவையில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. 22 வருடமாக நடத்துகிறவர் நீங்கள். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்ன நாள் உங்களுக்கு நினைவில்லாமல் இருக்காது. அதற்கு முன்பே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கடன் கிடைத்திருந்தது, மெஷின்கள் வந்திறங்கியிருந்தன. ஆனால் ஆவியாக்கிகள் வரைபடத்தில் இருந்த மாதிரி ஓடவில்லை. உப்புக் கரைசலைச் சுத்தம் செய்து அப்படியே சாயத்துக்குத் திருப்பி அனுப்பும் முறை அருள்புரம் நிலையத்தில் கைவந்து, மற்ற நிலையங்களும் அதைக் கற்றுக்கொண்ட பிறகு தான் தொழில் நிமிர்ந்தது. காசும் இரும்பும் ஏற்கெனவே இருந்தன. அவற்றை ஓட்டும் அறிவு பின்னால் வந்தது. நடுவில் போன மாதங்களுக்கு ஊர் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும். எனக்கு அதைச் சாதாரணமாக எழுத முடியவில்லை. அந்த வருடம் வேலை தேடி ஊரை விட்டுப் போன குடும்பங்களில் எனக்குத் தெரிந்தவர்களும் உண்டு.

இனி ஆடிட்டர் சொன்னது. பாதி சரி. பயிற்சிச் செலவைச் சொத்தாகக் காட்ட இந்தியக் கணக்கியல் தரம் 26 அனுமதிக்காது. செலவான வருடத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆலைக்குள் தானாக உருவான நற்பெயரையும் சொத்தாக எழுத முடியாது. ஆனால் 45 லட்சமும் ஒரே வருடத்தில் லாபத்தைத் தின்றுவிடாது. மகனின் பட்டியலில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர், தானியங்கி டிஸ்பென்சர் போன்ற லேப் கருவிகள் 20 லட்சம். அவை நிலையான சொத்து. சாப்ட்வேர் 10 லட்சம். அதுவும் சொத்து தான், சில வருடங்களில் பகுதி பகுதியாக எழுதித் தீரும். பயிற்சியும் ரெசிபி சோதனை ஓட்டமும் சேர்ந்த 15 லட்சம் மட்டும் நேரடிச் செலவு. தேய்மானத்தோடு சேர்த்தால் முதல் வருடம் 19 லட்சம் போல வரும். இயக்க லாபம் 2.20 கோடியிலிருந்து 2.01 கோடி ஆகும். அந்த 15 லட்சத்துக்கு வரியிலும் சலுகை உண்டு. 22 சதவீத வரி முறையில் இருந்தால் சர்சார்ஜ், செஸ் சேர்ந்து 25.17 சதவீதம், அதாவது மூன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்று மேல்.

ஒரு விஷயம் ஆடிட்டருக்கும் நினைவூட்டுங்கள். சொந்த நிதியைக் கணக்கிடும்போது வங்கிகள் தொட்டுப் பார்க்க முடியாத சொத்துகளைக் கழித்துவிட்டுத் தான் பார்க்கும். ஆகவே சாப்ட்வேரின் 10 லட்சமும் அந்த விகிதத்தில் கழிந்துபோகும். சிலர் ரெசிபி உருவாக்கிய செலவையும் சொத்தாக ஏற்றி லாபத்தைத் தூக்கிக் காட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். கடனுக்காக வங்கியிடம் தரும் நிதிக் கணக்கான சி.எம்.ஏ. டேட்டாவோடு ஒரு பக்கக் குறிப்பு இணையுங்கள்: இந்த வருடம் லாபம் ஏன் குறைந்தது, எந்தச் செலவு ஒரு முறை மட்டும் வருவது, முதல் முறையிலேயே சேரும் லாட் மாதாமாதம் எப்படி ஏறுகிறது. 86 என்பது ஆறு மாதத்தில் 90 ஆகியிருந்தால், கடன் தரும் அதிகாரிக்கு அந்த எண் 19 லட்சத்தை விடப் பெரிதாகத் தெரியும். கடனை ஆறு மாதம் தள்ளச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

கடனின் வகையையும் கொஞ்சம் யோசியுங்கள். உங்களுக்குச் சொல்லப்பட்டது இலக்கோடு வட்டியைக் கட்டிவைக்கும் கடன். 2017இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 100 கோடி யூரோவுக்கு இப்படி வாங்கியதிலிருந்து உலகெங்கும் பரவியது. பெரிய நிறுவனங்களுக்கு இது பொருந்தும். இலக்கைத் தவறவிட்டால் அவர்களும் கட்டத் தான் வேண்டும். இத்தாலியின் மின் நிறுவனமான எனல் 2023ஆம் வருடத்துக்கான கரியமில இலக்கை எட்டாமல், பல கடன் பத்திரங்களுக்குக் கால் சதவீதம் கூடுதல் வட்டி தர வேண்டி வந்தது. 6 கோடிக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. இலக்கை எட்டினீர்களா என்று வருடாவருடம் வெளியாள் ஒருவர் சரிபார்த்துச் சான்று தர வேண்டும். அவருடைய கட்டணம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனால் தள்ளுபடி எங்கே? அதை யார் கட்டுவது என்று கடிதத்தில் இல்லை. கேளுங்கள்.

மாற்று வழியும் உண்டு. எந்தச் செலவுக்கு என்று மட்டும் கட்டிவைக்கும் சாதாரணப் பசுமைக் காலக் கடனைக் கேட்டுப் பாருங்கள். கூடவே, ஒன்றிய அரசின் எரிசக்திச் சேமிப்பு அமைப்பான பி.இ.இ. 2025 ஜூலையில் தொடங்கிய 'அடீட்டி' திட்டத்தை விசாரியுங்கள். எரிசக்தி மிச்சமாகும் தொழில்நுட்பத்துக்குக் கடன் வாங்கும் குறு, சிறு தொழிலுக்கு 5 சதவீதமும் நடுத்தரத் தொழிலுக்கு 3 சதவீதமும் வட்டி மானியம் உண்டு. ஜவுளியும் பட்டியலில் இருக்கிறது. விற்றுமுதல் 100 கோடிக்குள்ளும் எந்திர முதலீடு 25 கோடிக்குள்ளும் இருப்பதால் நீங்கள் சிறு தொழில். 6 கோடியில் பாதி அந்தத் திட்டத்துக்குப் பொருந்தினாலும் முதல் வருடம் 15 லட்சம். கால் சதவீதத்தின் பத்து மடங்கு. அதற்கு எரிசக்தி ஆடிட் தேவைப்படும். அதையும் ஆறு மாத இடைவெளியில் முடிக்கலாம்.

பையர் பக்கமும் இதே எண்களைத் தான் கேட்கப் போகிறார்கள். இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் செபி வகுத்த நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும். வெளிநாட்டு பிராண்டுகள், ஆலையின் தண்ணீர், கெமிக்கல் பயன்பாட்டை விசாரிக்கும் ஹிக், இசட்.டி.ஹெச்.சி. படிவங்களை நிரப்பச் சொல்கின்றன. தண்ணீர் மீட்டரும் ரெசிபி பதிவும் ஒழுங்காக இருக்கும் ஆலைக்கு இந்தப் படிவங்கள் ஒரு நாள் வேலை. இல்லாத ஆலையில் யாரோ உட்கார்ந்து கற்பனையாக எண்களை எழுதுவார்கள். ஆடிட்டில் மாட்டினால் ஆர்டரே போகும்.

மாஸ்டரைப் பற்றியும் எழுத வேண்டும். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, அது எனக்கு உறுத்தியது. நோட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்றச் சொல்லப் போகிறீர்கள். அது அவருடைய இத்தனை வருட உழைப்பு. ஏற்றிக் கொடுத்துவிட்டால் தன்னை அனுப்பிவிடுவார்களோ என்று அவர் நினைப்பது நியாயம். மகனை விட்டுச் சொல்லாமல் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். சம்பளத்தை இப்போதே உயர்த்துங்கள். மறுசாயத்தில் மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கு அவருக்கும் ஷிப்டு ஆபரேட்டர்களுக்கும் என்று எழுத்தில் கொடுங்கள். 77 லட்சத்தில் 10 சதவீதம் கொடுத்தாலும் உங்களுக்கு 69 லட்சம் நிற்கிறது. கூடுதல் தண்ணீர் விட்ட ஆபரேட்டரைத் திட்டாமல், விட்டதை மறைக்காமல் ஷிப்டு தாளில் எழுதச் சொல்லுங்கள். எந்த ஷேடுக்கு விடுகிறார், ஏன் விடுகிறார் என்று தெரிந்தால் தான் ரெசிபியைத் திருத்த முடியும்.

முதலில் சொன்ன அந்த ஒரு வேலைக்கு வருகிறேன். நான் சொல்கிறபடி லேப், பயிற்சியை முதலில் செய்தால், கடன் வாங்குவதற்குள் உங்கள் தண்ணீர் 60லிருந்து 54, 55க்கு இறங்கியிருக்கும். அப்போது வங்கி அந்த 54ஐ அடிப்படையாக வைத்து அங்கிருந்து 30 சதவீதம் குறைக்கச் சொன்னால், 38 லிட்டருக்கு வர வேண்டும். முன்கூட்டியே திருந்தியதற்குத் தண்டனை மாதிரி ஆகிவிடும். ஆகவே எதையும் தொடங்குவதற்கு முன்பு, கடந்த 12 மாதச் சுத்திகரிப்பு நிலைய பில்கள், உற்பத்திப் பதிவு, மீட்டர் அளவுகள் மூன்றையும் ஒன்றாக அடுக்கி, கிலோவுக்கு 60 லிட்டர் என்பதை ஆடிட்டர் கையெழுத்தோடு வங்கியிடம் இப்போதே பதிவு செய்யுங்கள். எந்த வகைக் கடன் என்பது பிறகு முடிவானாலும், அடிப்படை வருடம் இது தான் என்று மேலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது, அவருக்கு மாற்றல் வந்துவிடும்.

மெஷின் வாரியாக மீட்டர் இல்லையென்றால் இந்த வாரமே போடச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. மூன்று மாத அளவுகள் கையில் வந்ததும், வங்கி தரும் ஒப்பந்த வரைவோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். இலக்கு வைத்த கடனா, சாதாரணப் பசுமைக் கடனா என்பதை அந்த எண்களைப் பார்த்து முடிவு செய்யலாம்.